ஃபால்அவுட் 4: கட்டடங்கள் அருமை, பாரம்தான் கொடுமை

ஃபால்அவுட் 4 மறுபடியும் தள்ளுபடியில் வந்திருக்கிறது. 2024-இல் தொலைக்காட்சித் தொடர் வந்ததிலிருந்து இதைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருவர், "அண்ணா, பழைய கேம்தான், இப்போ வாங்கலாமா? பாழடைஞ்ச கட்டடத்துக்குள்ள சுத்திப் பாக்கணும், அதுக்குத்தான்" என்றார். அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். கதை, கிராபிக்ஸ், சண்டை பற்றியெல்லாம் 2015-இலிருந்தே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஆளில்லாத கட்டடத்துக்குள் நுழைந்து, அங்கே கடைசியாக என்ன நடந்தது என்று நாமாகவே கண்டுபிடிக்கும் சுகத்தை இந்த அளவுக்குத் தந்த விளையாட்டு எனக்கு வேறில்லை. வரைபடத்தின் வடகிழக்கில் சேலம் என்ற ஊர். 1692-இல் சூனியம் செய்தார்கள் என்று பழி சுமத்தி 19 பேரைத் தூக்கிலிட்ட அதே மாசசூசெட்ஸ் சேலம்தான். அங்கே ஒரு சூனிய அருங்காட்சியகம். முன்வாசல் வழியாக நுழைய முடியாது, நிலவறைக் கதவைத் தேடிப் போக வேண்டும். வெளியே கூலிப்படைக்காரன் ஒருவனின் பிணம், அவனிடம் ஓர் ஒலிநாடா. அதைக் கேட்டுவிட்டு உள்ளே இறங்கினால் இருட்டு. சுட யாரும் இல்லை. தலைக்கு மேலே மட்டும் ஏதோ ஒன்று கனத்த அடி எடுத்து வைத்து நடக்கிறது.

மேலே திரிவது டெத்கிளா என்ற ராட்சத மிருகம். ஆனால் அது சும்மா வைக்கப்பட்ட எதிரி இல்லை. கூலிப்படைக்காரர்கள் கூட்டிலிருந்து முட்டைகளைத் திருடிக்கொண்டு வந்திருக்கிறார்கள், அது பின்தொடர்ந்து வந்து அவர்களைக் கிழித்துப் போட்டிருக்கிறது. மிச்சமிருக்கும் ஒரு முட்டையை விற்கவும் செய்யலாம், கூட்டில் திரும்ப வைக்கவும் செய்யலாம். கொண்டுபோய் வைத்தால் அங்கே நிற்கும் தாய் நம்மைத் தொடாது. இத்தனையையும் ஓர் ஒலிநாடாவும் சில பிணங்களும் ஒரு படிக்கட்டும் சொல்லிவிடுகின்றன. இதை வடிவமைத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

இன்னொன்று சஃபோக் கவுன்டி சார்ட்டர் பள்ளி. உள்ளே கதிர்வீச்சில் உருக்குலைந்த மனிதர்கள் பாய்ந்து வருவார்கள். மற்ற இடங்களில் பார்த்தவர்கள்தானே என்று சுடத் தொடங்கும்போதுதான் கவனிப்போம், இவர்களின் தோல் இளஞ்சிவப்பு. ஏன் என்று அங்கிருக்கும் டெர்மினல்களை, அதாவது பழைய கணினிகளை, படித்தால் தெரியும்: அரசாங்கப் பணத்துக்காக மாணவர்களுக்கு இளஞ்சிவப்புக் கூழ் ஒன்றை மட்டுமே சாப்பாடாகக் கொடுத்த பள்ளி அது. அந்த வரிகளைப் படித்த பிறகு அடுத்த அறைக்குப் போய்த் துப்பாக்கியைத் தூக்க எனக்கு மனசு வரவில்லை.

கதைப்படி அணுகுண்டு விழுந்தது 2077 அக்டோபர் 23 காலையில். நாம் சுற்றுவது 2287-இல். 210 வருஷமாக ஒரு எலும்புக்கூட்டைக்கூட யாரும் அப்புறப்படுத்தவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் குளியல் தொட்டியில் படுத்திருக்கும் எலும்புக்கூடும், கழிவறையில் செய்தித்தாள் படிக்கும் கரடி பொம்மையும் இல்லாத ஃபால்அவுட் எனக்கு வேண்டாம்.

சரி, இப்போது என் ஆத்திரத்துக்கு வருகிறேன். பாரம். இந்த விளையாட்டில் கிடைக்கும் குப்பை எதுவும் குப்பை இல்லை. மேசை மின்விசிறியை உடைத்தால் ஸ்க்ரூ, தட்டச்சு இயந்திரத்திலும் ஸ்க்ரூ, டக்ட் டேப்பில் பசை. துப்பாக்கியை மேம்படுத்த இவை வேண்டும், செட்டில்மென்ட், அதாவது நம் சொந்தக் குடியிருப்பு, கட்ட இன்னும் நிறைய வேண்டும். தேவையான பொருளைக் குறித்து வைத்துக்கொண்டால், அது எந்தச் சாமானில் இருக்கிறதோ அதன் பெயருக்குப் பக்கத்தில் சின்ன பூதக்கண்ணாடி ஒன்று தோன்றும். அந்தப் பூதக்கண்ணாடிதான் எனக்கு எதிரி. அது வந்த நிமிஷத்திலிருந்து நம் கண் காயலான் கடைக்காரர் கண்ணாக மாறிவிடுகிறது. அறையின் மூலையில் இரண்டு எலும்புக்கூடுகள் கைகோத்துக் கிடக்கும், நம் பார்வை அலமாரியில் இருக்கும் விசிறிக்குப் போகும். இவ்வளவு அக்கறையாக ஒரு சாவை அந்த மூலையில் வைத்தவர்களே, அதைப் பார்க்க விடாமல் நம்மைத் துரத்துகிறார்கள்.

அப்புறம் சுமக்க முடியுமா என்றால் அதுவும் இல்லை. சாதாரண மோடில் சுமக்கும் அளவு 200, அதோடு நம் கதாபாத்திரத்துடைய பலத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் 10. பலம் 3 என்றால் 230, அவ்வளவுதான். கவசம், துப்பாக்கி, மருந்து போக மிச்சம் நான்கு அறைக்குக்கூடத் தாங்காது. "பாரம் அதிகம், ஓட முடியாது" என்ற செய்தி எப்போது வரும்? கதை சூடு பிடிக்கும் மூன்றாவது மாடியில் வரும். உடனே கையில் கட்டியிருக்கும் பிப்-பாய் கணினியைத் திறந்து எதைப் போடுவது, எதைக் கூட வரும் நாய் டாக்மீட்டிடம் கொடுப்பது என்று கணக்குப் பார்க்க வேண்டும். அந்தக் கட்டடம் ஊட்டிய பயம் அதோடு வடிந்துவிடுகிறது. வருஷக்கணக்கில் விளையாடியும் இந்த எரிச்சல் எனக்குப் பழகவே இல்லை.

நேர்மையாகச் சொன்னால், யாரும் நம் கையைப் பிடித்துப் பொறுக்கச் சொல்வதில்லை. செட்டில்மென்ட் வேலை பெரும்பாலும் நம் விருப்பம். நாகரிகம் அழிந்த உலகில் ஒரு ஸ்க்ரூவுக்கு மதிப்பு இருக்கத்தான் வேண்டும், அந்த எண்ணத்தில் தவறில்லை. சமாளிக்க வழிகளும் உண்டு. சோளம், டேட்டோ, மட்ஃப்ரூட் மூன்றையும் பயிர் செய்து சுத்தமான தண்ணீரோடு சமையல் அடுப்பில் காய்கறி ஸ்டார்ச் ஆக்கினால் பசை கிடைக்கும், டக்ட் டேப்புக்கு அலைய வேண்டாம். கடைக்காரர்களிடம் ஸ்க்ரூவை மொத்தமாக வாங்கலாம். நான் இப்போதெல்லாம் குறித்ததை எல்லாம் நீக்கிவிட்டுத்தான் கட்டடத்துக்குள் போகிறேன். அப்படிப் போகும் நாட்களில் இதைவிட நல்ல விளையாட்டு இல்லை என்றே தோன்றுகிறது. ஆனால் அந்தப் பூதக்கண்ணாடியை அணைத்துவிட்டு வா என்று புதிதாக வருபவருக்கு விளையாட்டு எங்கே சொல்கிறது? கட்டு, சேர், சுமந்து வா என்றுதானே தொடக்கத்திலிருந்தே பழக்குகிறது?

கதவுக்குக் கதவு வரும் லோடிங் திரையைப் பற்றி எழுதப் போவதில்லை. எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம்.

தம்பிக்கு என் பதில்: வேண்டாம். இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது எனக்கே கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவருக்கு ராத்திரியில் கிடைப்பது ஒரு மணி நேரம். அதில் பாதி, மூட்டையைச் சுமந்து நம் குடியிருப்பான சாங்ச்சுவரிக்குத் திரும்பி நடப்பதிலேயே போய்விடும். பாதி விலைக்குக் கிடைத்தாலும் அந்த நேரம் திரும்பி வராது. கேட்காமல் வாங்கத்தான் போகிறார் என்றால், முதல் தடவையே சர்வைவல் என்ற கடினமான மோடைத் தொட வேண்டாம். அதில் பலம் 3-க்குச் சுமை 90தான், தோட்டாவுக்கும் எடை உண்டு, வரைபடத்தில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து உடனே அங்கே போய்ச் சேரும் வசதியும் கிடையாது.