காந்தி மண்டபத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்

கன்னியாகுமரிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பஸ்ஸை விட்டு இறங்கியதும் படகு வரிசைக்குத்தான் ஓடுகிறார்கள். விவேகானந்தர் பாறை, 133 அடி வள்ளுவர் சிலை, இப்போது இரண்டுக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் வேறு. கரையிலேயே நிற்கும் காந்தி மண்டபத்தைப் போகிற போக்கில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கடந்துவிடுகிறார்கள். இந்த முறை லண்டனிலிருந்து ஊருக்கு வந்தபோது, அம்மாவைக் கூட்டிக்கொண்டு இதற்கென்றே போனேன்.

நாகர்கோவிலிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர்தான், பஸ்ஸுக்குக் குறைவே இல்லை. அம்மாவுக்கு மூட்டுவலி என்பதால் வாடகைக் கார் எடுத்தோம். கடைசிக் கொஞ்ச தூரம் கடைத்தெரு வழியாக நடக்க வேண்டியிருந்தது. சங்கும் பாசிமணியும் விற்கிற கடைக்காரர் ஒருவர், நாங்கள் எதுவும் வாங்காதபோதும், "அம்மா, செத்த உக்காந்துட்டுப் போங்க" என்று ஸ்டூலை எடுத்துப் போட்டார். அந்த ஸ்டூல் இல்லையென்றால் அம்மா பாதியிலேயே திரும்பியிருப்பார்.

மண்டபத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உச்சிவெயிலில் வெளித்தரை நன்றாகச் சுடும், வயதானவர்களோடு போகிறவர்கள் காலையிலோ நாலு மணிக்கு மேலோ போங்கள். ஒரிசாக் கோயில் பாணியில் எழுப்பிய கட்டடம், 1956இல் முடிந்தது. நடுக் கோபுரத்தின் உயரம் 79 அடி. காந்தி மறைந்தது 79ஆவது வயது நடந்துகொண்டிருந்தபோது.

உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது கறுப்புக் கல் மேடை. 1948 பிப்ரவரி 12 அன்று இங்கே கடலில் கரைப்பதற்கு முன், மக்கள் அஞ்சலி செலுத்த அஸ்திக் கலசத்தை வைத்திருந்த இடம் அது. அக்டோபர் 2 நண்பகலில் கூரைத் துளை வழியாக இறங்கும் வெயில் சரியாக இந்த மேடையில் விழும்படி கட்டியிருக்கிறார்கள். அம்மா மேடையின் விளிம்பில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அவருடைய அப்பா கதர் தவிர வேறு உடுத்தாதவர். நாங்கள் நின்றிருந்த நேரத்தில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் உள்ளே வந்து, ஆசிரியை சொல்லாமலேயே அடங்கி நின்றது.

எனக்கு மனதில் ஓடியது வேறொன்று. 1925 மார்ச்சில், வைக்கம் போராட்ட நேரத்தில், காந்தி கன்னியாகுமரிக்கும் வந்தார். சீமைக்குப் போய் வந்தவர் என்பதால் பகவதி அம்மன் கோயிலின் உட்பகுதிக்கு அவரை விடவில்லை. அதை வருத்தத்தோடு எழுதியும் இருக்கிறார். 1936 நவம்பர் 12இல் திருவிதாங்கூர் மன்னரின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. 1937 ஜனவரியில் அவர் மறுபடி வந்தபோது கோயில் கதவுகள் எல்லா இந்துக்களுக்கும் திறந்திருந்தன. கடல் கடந்து வாழ்கிற நாங்கள் இன்று ஒரு கேள்வியும் இல்லாமல் அதே கோயிலில் கும்பிட்டுவிட்டு வருகிறோம். கோயிலிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரத்தில் இருக்கிற இந்த மண்டபத்தில், அந்தக் கதையை வருகிற பிள்ளைகளுக்கு யாராவது நின்று சொல்ல வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

சொல்வதற்கு ஒருவர் வந்தார். ஆனால் நாலு வரியை வேகமாக ஒப்பித்துவிட்டு, நன்கொடை என்று கையை நீட்டினார். ரசீது கேட்டேன், இல்லை என்றார். கொடுக்கவில்லை. கட்டாயம் எதுவும் கிடையாது, தயங்காமல் மறுத்துவிடுங்கள். மேல்மாடத்துக்குப் படியேற முடிந்தவர்கள் ஏறிப் பாருங்கள், மூன்று கடலும் ஒரே பார்வையில் விரியும். அம்மாவைக் கீழே உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் போனேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறுகிற முதியவர்கள் பலரைப் பார்த்தேன். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு மேலே போக வழி ஏதும் என் கண்ணில் படவில்லை.

கழிப்பறைதான் பெரிய கவலை. பக்கத்தில் இருந்த ஒரு கட்டணக் கழிப்பறையில் காசை வாங்கினார்கள், தண்ணீர் வரவில்லை. வயதான பெண்களைக் கூட்டிவருகிறவர்கள் காலைச் சாப்பாட்டுக்கு நிறுத்துகிற ஓட்டலிலேயே அதை முடித்துக்கொள்வது நல்லது.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. இளநீர்க்காரர் முதல் ஆட்டோக்காரர் வரை எல்லோரும் க்யூஆர் அட்டையை நீட்டுகிறார்கள், ஐந்நூறு ரூபாய்த் தாளுக்குச் சில்லறை கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். வெளிநாடு வாழ் இந்தியர்கள் இந்திய வங்கிகளில் வைத்துக்கொள்ளும் என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ கணக்கு இருந்தால் பிரிட்டன், கனடா, சிங்கப்பூர், வளைகுடா நாடுகள் சிலவற்றின் கைபேசி எண்ணிலேயே யுபிஐ வசதி பெறலாம். புறப்படுவதற்கு முன்பே வங்கியில் கேட்டு முடித்துவிடுங்கள். அது இல்லாதவர்கள் பத்து, இருபது ரூபாய்த் தாள்களைக் கொஞ்சம் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்திலேயே காமராஜர் மணிமண்டபம். அவருடைய வாழ்க்கைப் படங்களை வரிசையாக மாட்டியிருக்கிறார்கள். அங்கே அம்மாதான் எனக்கு வழிகாட்டி. ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்று, மதிய உணவுத் திட்டத்தில் தான் சாப்பிட்டதைச் சொன்னார். படகு வரிசை அதற்குள் சாலை வரைக்கும் நீண்டிருந்தது. பாறைக்கு நாளைக்குப் போய்க்கொள்ளலாம் என்று காரைக் கூப்பிட்டோம்.