சூடானால் ஸ்டார்ட் ஆகாத லாரி: 1,860 வெள்ளி போச்சு, கோளாறு அப்படியே இருக்கு

சிங்கப்பூரில் பழைய டீசல் லாரி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள். வயிறு எரிகிறது.

2012 மாடல் பத்தடி லாரி, காமன் ரெயில் இன்ஜின்: ஹை பிரஷர் பம்ப் அழுத்தி அனுப்பும் டீசல் ‘ரெயில்’ என்ற ஒரே குழாயில் சேர்ந்து, இன்ஜெக்டர்கள் வழியாக இன்ஜினுக்குள் பீய்ச்சப்படும். காலையில் சாவியைத் திருப்பியதும் பிடிக்கும். ஓடிச் சூடானபின் சரக்கு இறக்க நிறுத்தினால், ஸ்டார்ட்டர் வேகமாகவே சுற்றும், இன்ஜின் பிடிக்காது. ஆறினால் பிடிக்கும்.

போனது ஒரு டீசல் பட்டறைக்கு. பெயர் போடவில்லை. ஸ்கேனரில் ‘ரெயில் பிரஷர் கம்மி’ என்று வந்த வரியைக் காட்டி, “அண்ணே, ஹை பிரஷர் பம்ப் முடிஞ்சுபோச்சு. நம்ம ஆளுக்குப் போய்ப் பொய் சொல்வேனா?” என்றார் அந்தத் தம்பி. அந்த ‘நம்ம ஆளு’தான் 1,860 வெள்ளியை எடுத்து நீட்ட வைத்தது. ரீகண்டிஷன் (பழுதுபார்த்த பழைய) பம்ப், கூடவே நாலு குளோ பிளக்.

குளோ பிளக் குளிர்ந்த இன்ஜினைச் சூடாக்கத்தானே! சூட்டில் பிடிக்காத லாரிக்கு அது எதற்கு?

பிரஷர் கம்மி என்றால் பம்ப்தான் என்று அர்த்தமில்லை. தேய்ந்த இன்ஜெக்டர் டீசலை ரிட்டர்ன் லைனில் (மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்பும் குழாய்) திருப்பிவிட்டாலும் ரெயிலில் பிரஷர் ஏறாது. சூட்டில் டீசல் நீர்த்து, கசிவு இன்னும் கூடும். ரெயிலில் ஏறக்குறைய 200 பார் பிரஷர் வராமல் இன்ஜின் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்காது. அதனால்தான் காலையில் பிடிக்கிறது, மத்தியானம் பிடிப்பதில்லை. ரிட்டர்ன் டியூபைக் கழற்றி, இன்ஜெக்டருக்கு ஒரு பாட்டில் மாட்டி, ஐடிலில் ஓடவிட்டு அளந்தாலே தெரிந்துவிடும். வேறு பட்டறையில் செய்தார்கள்: மூன்றாவது பாட்டில் மட்டும் மற்றவற்றைவிட மூன்று மடங்கு நிரம்பியது, அந்த இன்ஜெக்டர்தான் கசிகிறது. முதல் ஆள் பாட்டிலே எடுக்கவில்லை!

திரும்பிக் கேட்டால், “டீசல் சரியில்லை.” அப்புறம், “டிரைவர் சாவியை அவசரமா திருப்புறார்.” அப்புறம், “பாஸ் ஜோகூர் போயிருக்கார்.” பழைய பம்பைக் கேட்டால், “அதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாச்சு.” கடைசியாக, “பழைய லாரி அண்ணே, அப்படித்தான் இருக்கும்.” இப்போது வாட்ஸ்ஆப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது. 1,860 வெள்ளி!

எப்படிச் சோதிப்பது என்று படிப்படியாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கை ஓடவில்லை, இவ்வளவுதான்:

ரிட்டர்ன் அளவு பார்க்காமல் பம்பைக் கழற்ற விடாதீர்கள். சூட்டில் சுற்றும்போது ஆர்பிஎம் முள் அசையவே இல்லையென்றால் முதலில் கிராங்க் சென்சாரை (இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது) பாருங்கள். ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றினால் பேட்டரி, எர்த் ஒயர், ஸ்டார்ட்டர். இன்ஜின் ஓடும்போது ஹை பிரஷர் பைப்பைத் தளர்த்தாதீர்கள், டீசல் தோலுக்குள்ளேயே பாயும். பழைய பாகம் திரும்ப வேண்டும் என்று பில்லிலேயே எழுத வையுங்கள்.

சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு போடப் போகிறேன். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், வழக்கறிஞர் வேண்டாம், 2 வருடத்துக்குள் போட வேண்டும். இதே போல ஏமாந்தவர்கள் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்.