புரோமிதியஸ் காட்டும் 100 சதவீதம்: லோட் ஷெடிங் ஊரிலிருந்து ஒரு புலம்பல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சர்வர்கள் ஓடுகின்றனவா என்று கண்காணிக்கிற புரோமிதியஸ் நல்ல மென்பொருள். எனக்கு அதன் மேல் இருக்கிற கோபம் ஒரே விஷயத்தில்தான். அது ஓடாமல் கிடந்த நேரத்தைப் பற்றிக் கேட்டால் வாயைத் திறக்காது. அதோடு விட்டாலும் பரவாயில்லை, அந்த நேரமே உலகத்தில் இல்லாதது மாதிரி கணக்குப் போட்டு 100 சதவீதம் என்று காட்டும். காவல்காரன் தூங்கிவிட்டு, 'இரவில் யாரும் வரவில்லை' என்று பதிவேட்டில் எழுதி வைப்பதுபோல.

தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றி சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் என்று சிதறிக் கிடக்கிற சில மருந்துக் கடைகளின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தலைமை அலுவலகம் ஃபீனிக்ஸில். அங்கே ஓடும் புரோமிதியஸ் நிமிடத்துக்கு ஒரு முறை எல்லாக் கடைகளையும் தட்டிப் பார்க்கும். பதில் வந்தால் 'அப்' என்ற அளவில் 1, வராவிட்டால் 0. நான் சேரும்போதே இப்படித்தான் இருந்தது. இப்படித் தட்டி அளவுகளை எடுப்பதுதான் ஸ்க்ரேப், கடை சர்வரில் இருந்து அந்த அளவுகளைத் தரும் குட்டி நிரல்தான் எக்ஸ்போர்ட்டர், அதற்கு மேல் உள்ளே போகவில்லை.

மாதக் கடைசியில் எல்லோரும் போடுகிற க்வெரி, அதாவது சேர்த்த தரவிடம் கேட்கிற கேள்வி, ஒன்று உண்டு: 'அப்' அளவுக்கு 30 நாள் ஏவரேஜ் ஓவர் டைம், பதிவானவற்றின் சராசரி. இருப்பது ஒன்றும் பூஜ்யமும்தான் என்பதால் சராசரியே சதவீதமாகிவிடும். ஒரே வரி. பார்க்கவும் அழகு.

2023ல் லோட் ஷெடிங், அதாவது பற்றாக்குறையால் முறைவைத்துச் செய்கிற மின்வெட்டு, ஸ்டேஜ் 6 வரை (எண் ஏற ஏற வெட்டும் ஏறும்) போன காலத்தில் அந்த அழகு பல்லிளித்தது. ஃபீனிக்ஸ் கடையும் அலுவலகமும் வெட்டு அட்டவணையில் ஒரே பிளாக், மின்சாரம் போனால் இரண்டுக்கும் சேர்ந்தே போகும். தினமும் வடிந்து வடிந்து யுபிஎஸ் பாட்டரிகள் செத்துவிட்டன, இரண்டு மணி நேர வெட்டைத் தாங்காது. டோங்காட் வேறு பிளாக், அங்கே வெட்டு வேறு நேரத்தில். அறிக்கையில் ஃபீனிக்ஸ் முதலிடம், டோங்காட் கடைசி. ஃபீனிக்ஸ் கடையைக் கவனித்துக்கொள்ளும் அக்கா தாளைப் பார்த்துவிட்டு, "தம்பி, நான் டார்ச் வெளிச்சத்தில் கையால் பில் எழுதிக்கொண்டிருந்தேனே, இதில் அது எங்கே?" என்று கேட்டார். எங்குமே இல்லை, அதுதான் பதில்.

கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். இரண்டு கடைக்கும் நாளுக்கு நான்கு மணி நேரம் வெட்டு, ஆனால் வேறு வேறு நேரத்தில் என்று வைத்துக்கொள்வோம். 30 நாளில் 43,200 நிமிடம். அலுவலகம் இருட்டில் இருந்த 7,200 நிமிடம் எதுவுமே பதிவாகாது, மிச்சம் 36,000. ஃபீனிக்ஸுக்கு அவ்வளவும் 1, ஆக 100 சதவீதம். டோங்காட்டுக்கு அதில் 7,200 பூஜ்யம், ஆக 80. உண்மையில் இரண்டுமே 83.3.

இதற்குச் சிலர் சொல்லும் வைத்தியம், சராசரியை விட்டுவிட்டு சம் ஓவர் டைமை, அதாவது பதிவானவற்றின் கூட்டுத்தொகையை, 43,200 ஆல் வகுப்பது. சரி, ஃபீனிக்ஸுக்கு 83.3 என்று சரியாக வந்துவிடும். டோங்காட்டுக்கு? 28,800ஐ 43,200 ஆல் வகுத்தால் 66.7. அலுவலகத்தில் கரண்ட் போனதற்கு டோங்காட் கடைக்குத் தண்டனை! முதல் க்வெரி ஒருவனுக்குச் செல்லம் கொடுக்கிறது, இரண்டாவது இன்னொருவனை அடிக்கிறது.

அதனால் இப்போது இரண்டு எண்ணாகத்தான் கொடுக்கிறேன். பார்த்த நேரத்தில் எவ்வளவு சதவீதம் ஓடியது என்பது ஒன்று. மொத்த நேரத்தில் எவ்வளவு பார்த்தோம், அதாவது கவுண்ட் ஓவர் டைமை (பதிவுகளின் எண்ணிக்கையை) 43,200 ஆல் வகுத்தது இன்னொன்று. வரைபடம் காட்டும் கிராஃபானாவில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். முதலாளிக்கு இரண்டாவது எண் பிடிக்கவில்லை. யாருக்குத்தான் பிடிக்கும்?

கோபத்தோடு எழுதினாலும் நியாயத்தையும் சொல்ல வேண்டும். நான் எதிர்பார்க்காத ஒரு சந்தோஷம் இதே சர்வரில்தான் கிடைத்தது. மெஷினைப் பற்றிய அளவுகளைச் சொல்லும் நோட் எக்ஸ்போர்ட்டர் தருவதில் 'பூட் டைம்' என்று ஒன்று, மெஷின் கடைசியாக எப்போது எழுந்தது என்பதை நொடிக் கணக்கில் சொல்வது. அலுவலகத்தில் கரண்ட் திரும்பி புரோமிதியஸ் எழுந்ததும் முதல் வேலையாக டோங்காட்டின் பூட் டைமைப் பாருங்கள். அது நாம் இருட்டில் போன நேரத்துக்கு முந்தியது என்றால், நாம் பார்க்காத அத்தனை நேரமும் அந்த மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பிந்தியது என்றால், இடையில் விழுந்து எழுந்திருக்கிறது. நாம் கண்ணை மூடியிருந்த நேரத்துக்கு சர்வரே சாட்சி சொல்கிறது! செல் டவர் பாட்டரி தீர்ந்து இணைய லைன் மட்டும் போயிருந்தால் இதில் தெரியாதுதான். கடிகாரத்தைத் திருத்தும்போது பூட் டைம் கொஞ்சம் ஆடவும் செய்யும். இருந்தாலும் அன்றைக்கு நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அப்புறம் இன்னொன்று. அத்தனை முறை படாரென்று கரண்ட் போயும் தரவு கெடவில்லை. எழுந்ததும் எழுதி வைத்த லாக்கை வாசித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து வேலையை ஆரம்பித்துவிடும். பில் போடும் சாஃப்ட்வேருக்கு இந்தப் புத்தி கிடையாது.

சின்ன எரிச்சல்களும் உண்டு. தரவை வைத்திருக்கும் காலம், நாமாக மாற்றாவிட்டால், 15 நாள். அதை மாற்றாமல் 30 நாள் சராசரி கேட்டால், 'என்னிடம் பாதிதான் இருக்கிறது' என்று சொல்லாமல் பாதிக்கு மட்டும் விடை தரும். அதேபோல், புரோமிதியஸ் திடீரென்று செத்துப்போனால் வரைபடத்தில் கடைசி மதிப்பு ஐந்து நிமிடம் வரை அப்படியே நீளும், குட்டி இடைவெளிகள் கண்ணுக்கே படாது. எல்லாம் ஆவணத்தில் இருக்கிறது. ஆவணத்தில் இருப்பதால் எரிச்சல் குறைந்துவிடுமா?

புரோமிதியஸை வெளியே, ஒரு டேட்டா சென்டரில் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். 2024 மார்ச் கடைசியில் லோட் ஷெடிங் நின்றதும், "இனிமேல் எதற்கு வீண் செலவு" என்று முதலாளி அந்தப் பேச்சை மூடிவிட்டார். 2025 ஜனவரி கடைசியில் அது திரும்ப வந்து எட்டிப் பார்த்தபோது நானும் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிற ஒரு தம்பி. ஒரு கிளினிக்குக்கு இரண்டு சர்வர் வைத்துக்கொடுக்கிறான். "அண்ணே, புரோமிதியஸ் போட்டு, ஒப்பந்தத்தில் 99.9 என்று எழுதிவிடவா?" என்று கேட்டான். 99.9 சதவீத நேரம் ஓடும் என்று வாக்குக் கொடுத்தால் 30 நாளில் சுமார் 43 நிமிடம்தான் விழலாம். இரண்டு மணி நேர வெட்டு ஒன்று வந்தால் கிட்டத்தட்ட மூன்று மாதச் சலுகை காலி.

வேண்டாம்டா தம்பி. இரண்டு சர்வருக்கு புரோமிதியஸும் வேண்டாம், 99.9ம் வேண்டாம். வெளியிலிருந்து தட்டிப் பார்த்துச் சொல்கிற சேவை ஏதாவது ஒன்றுக்கு மாதாமாதம் பணம் கட்டு, கரண்ட் போகிற நேரத்தை ஒப்பந்தத்தில் தனியாக எழுதி விலக்கு வாங்கிக்கொள், நிம்மதியாகத் தூங்கு. நான் இங்கே பெரிய டிஸ்க் ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் புரோமிதியஸின் 15 நாளை ஒரு வருஷமாக மாற்றப்போகிறேன்.