இம்ப்ளான்ட் பல் கட்டும் முன் தாடை மூட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்

என் பல ஆண்டுச் சேமிப்பை ஒரு பல் சிகிச்சை மையத்திடம் பறிகொடுத்துவிட்டு, கோபம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன். எனக்கு மிஞ்சியது, வாயைத் திறக்கும்போதெல்லாம் வலக்காதின் முன்னால் ‘கடக்’ என்று சத்தமிடும் தாடை மூட்டும், கொட்டாவி விடக்கூட அஞ்சவைக்கும் வலியும்தான்.

வலப்புறக் கீழ்க் கடைவாய்ப் பற்கள் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. அங்கே இம்ப்ளான்ட், அதாவது தாடை எலும்பில் திருகு பதித்து அதன் மேல் கட்டும் செயற்கைப் பல், வைக்கத்தான் அந்த மையத்துக்குப் போனேன். அங்கிருந்த மருத்துவர் ஒரு மாதிரித் தாடையை என் கையில் கொடுத்து, டைட்டானியம் திருகு எலும்போடு எப்படி ஒன்றிப்போகும் என்று அத்தனை பொறுமையாக விளக்கினார். “சொந்தப் பல்லைவிட உறுதியாக நிற்கும், ஆயுள் முழுக்க உத்தரவாதம்” என்றார். அந்தப் பொறுமையை நம்பித்தான் அன்றே முழுத் தொகையையும் கட்டினேன். ஆனால் அந்த உறுதியில் ஒரு சிக்கல் இருப்பதை அவர் சொல்லவே இல்லை. இயற்கைப் பல்லைச் சுற்றி மெல்லிய தசைநார் இருப்பதால், கடிக்கும்போது அது சில பத்து மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்கு அமுங்கிக்கொடுக்கும். அழுத்தம் கூடினால் அதிலுள்ள நரம்பு முனைகள் உடனே தாடைத் தசைகளை எச்சரிக்கும். இம்ப்ளான்டுக்கு அந்தத் தசைநார் கிடையாது, அது சில மைக்ரானே நகரும். ஆகவே திருகின் மேல் கட்டும் பல் சற்று உயர்ந்துவிட்டாலும் கடியின் சுமை அங்கேதான் முதலில் விழும்.

எனக்கு அதுதான் நடந்தது. பல்லைப் பொருத்திய அன்று, கடி படும் இடத்தில் சாயம் ஒட்டும் நீலத் தாளைக் கடிக்கச் சொன்னார்கள். கண்ணாடியில் நானே பார்த்தேன்: புதுப் பல்லின் மேல் அடர்நீலப் பொட்டு, இடப்புறப் பற்களில் ஒரு தடமும் இல்லை. “அந்தப் பக்கம் படவே இல்லையே, டாக்டர்” என்றதற்கு, “பழகிவிடும்” என்ற ஒற்றைச் சொல்லோடு எழுந்து போய்விட்டார்.

வலி தொடங்கிய பின் வந்த பதில்கள் இன்னும் மோசம். வரவேற்பில் இருந்த பெண் ஒவ்வொரு முறையும் “டாக்டர் வெளியூரில் இருக்கிறார் சார்” என்றார். பிறகு, உத்தரவாதம் திருகுக்கு மட்டும்தான், மூட்டுக்கு இல்லை என்றார்கள். கடைசியில், மன அழுத்தத்தால் நான் இரவில் பல்லைக் கடிக்கிறேனாம். பல ஆண்டுச் சேமிப்பை வாங்கிக்கொண்டவர்களுக்கு அந்த ஒரு பல்லைத் தேய்த்துச் சரிசெய்யக் கால்மணி நேரம் கிடைக்கவில்லை.

வேறொரு நிபுணர், தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சி.பி.சி.டி. எக்ஸ்-ரே ஸ்கேன் எடுத்துக் காட்டினார். கீழ்த்தாடை எலும்பின் உருண்டையான மேல்முனை வலப்பக்கம் தட்டையாகி, விளிம்பில் சிறு எலும்பு முளை தெரிந்தது. அந்த முனை தன்மேல் விழும் சுமைக்கேற்பத் தன்னை மாற்றியமைத்துக்கொள்ளும் உயிருள்ள எலும்பு என்றும், தாங்கும் அளவைச் சுமை மீறினால் இப்படித் தேயவும் இறுகவும் கூடும் என்றும் விளக்கினார். அதே வேளையில், பல் இழந்து நெடுங்காலம் இருந்ததாலோ வயதாலோ இம்மாற்றம் முன்பே வந்திருக்கவும் கூடும், வலியே இல்லாதவர்களிடமும் இதைப் பார்க்கலாம் என்று நேர்மையாகச் சொன்னார். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படம் வேண்டுமே! அந்த மையத்தில் எடுத்த ஸ்கேனோ திருகு இறங்கும் இடத்தோடு வெட்டப்பட்டிருந்தது. மூட்டு அதில் விழவே இல்லை. அந்தப் படம் இல்லாததால்தான் “உங்களுக்கு முன்பே இருந்தது” என்று அவர்களால் துணிந்து சொல்ல முடிகிறது, பல ஆண்டுச் சேமிப்பையும் திருப்பித் தராமல் இருக்க முடிகிறது.

விரிவாக எழுத இப்போது மனம் இல்லை. பணம் கட்டும் முன் மூட்டைத் தொட்டுப் பார்த்து, வாய் எவ்வளவு திறக்கிறது என்று அளந்து எழுதச் சொல்லுங்கள். ஏற்கெனவே மூட்டில் சத்தமோ வலியோ இருந்தால், படம் தேவையா என்று கேட்டு, எடுத்தால் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தற்காலிகப் பல் கட்டிக் கடியைச் சோதித்த பிறகே நிலையான பல்லுக்குச் சம்மதியுங்கள். நீலத் தாளின் தடம் ஒரே பல்லில் அடர்ந்து விழுந்தால், அதைச் சரிசெய்யும் வரை நாற்காலியை விட்டு எழாதீர்கள். உத்தரவாதம் எதற்கெல்லாம் என்பதைக் கட்டாயம் எழுத்தில் வாங்குங்கள்.