லஞ்ச் ஹால் சத்தத்துக்கு சிக்னல் லைட்: மூணு மாசம் ஓட்டிப் பாத்துட்டு எழுதுறேன்

எங்க ஸ்கூல் லஞ்ச் ஹால்ல மூணு மாசமா ஒரு சிக்னல் லைட் தொங்குது. ரோட்டுல நிக்கிற டிராஃபிக் சிக்னல் மாதிரியே தான், சைஸ் மட்டும் ஒரு ஸ்கூல் பேக் உயரம். உள்ள ஒரு மைக், சத்தம் அளவா இருந்தா பச்சை, ஏறுச்சுன்னா மஞ்சள், ரொம்ப ஏறுச்சுன்னா சிவப்பு. அவ்ளோதான் ஐட்டம். லஞ்ச் டியூட்டி வாரத்துல நாலு நாள் என் தலையில தான், அதனால இதோட நல்லது கெட்டது ரெண்டையும் என்னை விட கிட்டக்க பாத்தவங்க எங்க ஸ்கூல்ல யாரும் இல்ல. வேற ஸ்கூல் டீச்சர்ஸ் சிலர் வாங்கலாமா வேணாமானு கேட்டுட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு ஒரேடியா இங்க எழுதிடறேன்.

முன்னாடி எப்படி இருந்துச்சுன்னா, நான் ஒரு விசிலோட நடுவுல நிப்பேன். பிள்ளைங்க பேசுவாங்க, நான் "சத்தம்"னு கத்துவேன், ரெண்டு நிமிஷம் அடங்கும், திரும்ப ஏறும், நான் இன்னும் கொஞ்சம் பலமா கத்துவேன், கடைசில பாத்தா அந்த ஹால்லயே பெரிய சத்தம் என் சத்தம் தான், சாயந்திரம் வீட்டுக்குப் போனா தொண்டை கரகரன்னு இருக்கும். இதுக்குப் பேர் லொம்பார்ட் எஃபெக்ட்டாம். 1900கள் தொடக்கத்துல பிரான்ஸ்ல எட்டியென் லொம்பார்ட்னு ஒரு காது டாக்டர் கவனிச்சது, சுத்தி இரைச்சல் இருந்தா மனுஷன் தனக்கே தெரியாம குரலை ஏத்திடறான். பக்கத்து டேபிள் சத்தமா பேசுது, அதனால நான் சத்தமா பேசுறேன், நான் பேசுறதால அவன் இன்னும் சத்தமா பேசுறான். யாரும் வேணும்னு பண்றதில்ல. திட்டி ஏன் பிரயோஜனம் இல்லைனு எனக்குப் புரிஞ்சதே இதைத் தெரிஞ்சுக்கிட்ட அப்புறம் தான். தன் சத்தம் எவ்ளோன்னு உள்ள இருக்குற பிள்ளைக்குக் காதால தெரியாது, அப்ப கண்ணுக்குக் காட்டு, அது தான் இந்த லைட்டோட ஐடியா. ஐடியால ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

ஆனா முதல் வாரம் இருக்கே, ஐயோ.

மாட்ட வந்தவர் பிளக் பாயின்ட் எங்க இருக்குன்னு பாத்து அங்கயே மாட்டிட்டுப் போயிட்டார். அது தட்டு கழுவப் போடுற இடத்துக்கு நேர் மேல. எவர்சில்வர் தட்டு ஒண்ணு மேல ஒண்ணு விழுற சத்தம் தெரியும்ல, ஒவ்வொரு தட்டுக்கும் சிவப்பு. ஹாலே அமைதியா இருந்தாலும் சிவப்பு. பிள்ளைங்க ரெண்டு நாள் பாத்தாங்க, மூணாவது நாள் அது சுவத்துல ஒரு அலங்காரம் ஆயிடுச்சு. அப்புறம் எதிர்ச் சுவருக்கு, பெரியவங்க கைக்கும் எட்டாத உயரத்துல, எல்லா டேபிள்ல இருந்தும் தெரியற மாதிரி மாத்துனோம். வாங்குறவங்க முதல்ல இடத்தை முடிவு பண்ணுங்க, பிளக் பாயின்ட் அப்புறம். தட்டு போடுற இடம், மிக்ஸி ஓடுற கிச்சன் கதவு, ஃபேன் காத்து நேரா அடிக்கிற இடம், இந்த மூணும் வேண்டவே வேண்டாம். காத்து மைக்ல பட்டா அதையும் சத்தம்னு தான் எடுத்துக்குது.

அடுத்தது அளவு வைக்கிற டயல். பின்னாடி ஒரு திருகு இருக்கு, எத்தனை டெசிபல்ல சிவப்பு வரணும்னு நம்மளே வைக்கலாம். கூட வந்த பேப்பர்ல 70ல ஆரம்பிங்கன்னு போட்டிருந்துச்சு, வெச்சோம், பிள்ளைங்க உக்காந்து முடிக்கிறதுக்குள்ள சிவப்பு, அது பெல் அடிக்கிற வரைக்கும் இறங்கவே இல்ல. நான் கோவத்துல மெஷின் ஓட்டைன்னு முடிவே பண்ணிட்டேன். அப்புறம் எங்க ஃபிசிக்ஸ் சார் வந்து கரும்பலகையில ஒரு கணக்குப் போட்டார், அதுல இருந்து தான் எனக்கு இந்த லைட்டு மேல ஒரு மரியாதை வந்துச்சு, விக்கிறவங்க மேல கோவமும் வந்துச்சு.

கணக்கு இது தான். ஒரு மீட்டர் தூரத்துல ஒருத்தர் சாதாரணமா பேசுனா சுமாரா 60 டெசிபல். டெசிபல்ங்கிறது நம்ம கூட்டல் கணக்குல ஏறாது. சத்தத்தோட சக்தி ரெண்டு மடங்கு ஆனா 3 தான் கூடும், பத்து மடங்கு ஆனா 10, நூறு மடங்கு ஆனா 20. அப்ப அதே அளவு சத்தத்துல நூறு பேர் பேசுற மாதிரி மைக்ல விழுந்தா 80. யாரும் கத்தல, எல்லாரும் ஒழுங்கா தான் பேசுறாங்க, 80. எல்லாரும் மைக்ல இருந்து ஒரே தூரத்துல இல்ல, அதனால அச்சு அசலா இப்படி வராதுன்னு சாரே சொன்னார், ஆனா 70ல வெச்சா நாள் பூரா சிவப்பு தான்னு புரிஞ்சுடுச்சு.

இதுல அடுத்த பாதி தான் முக்கியம். இந்த நூறு பேர்ல அம்பது பேர் வாயை இறுக்கி மூடிட்டாங்கன்னு வைங்க. மெஷின் எவ்ளோ இறங்கும்? 3 டெசிபல். அவ்ளோதான்! பாதி ஹால் மௌன விரதம் இருந்தும் லைட் சிவப்புலயே நிக்கும். "மிஸ் நாங்க பேசவே இல்ல மிஸ், இருந்தும் சிவப்பு"ன்னு ஒரு அஞ்சாங் கிளாஸ் டேபிள் என்கிட்ட அழாத குறையா சொல்லுச்சு, நான் நம்பல, அதுங்க சொன்னது தான் நிஜம். மாறா, ஒருத்தர் கூட வாய மூட வேணாம், எல்லாரும் குரலைக் கொஞ்சம் இறக்குனா போதும், 8, 10 டெசிபல் மடமடன்னு இறங்குது, ஏன்னா லொம்பார்ட் விஷயம் இப்ப தலைகீழா வேலை செய்யுது, பக்கத்து டேபிள் இறங்குனா நானும் தானா இறங்குறேன். காதுக்கு 10 டெசிபல்ங்கிறது சத்தம் பாதியான மாதிரி. அதனால இந்த லைட்டை "பேசாதே"ங்கிறதுக்கு வெச்சா தோத்துடும், "மெதுவா பேசு"ங்கிறதுக்கு வெச்சா தான் ஓடும். கூட வர்ற பேப்பர்ல இதைப் பத்தி ஒரு வரி கிடையாது. அதுக்குப் பதிலா ஒரு விரலை உதட்டுல வெச்ச பொம்மை ஸ்டிக்கர் நாலு குடுத்திருக்காங்க.

நாங்க கடைசில வந்து நின்னது, மஞ்சளுக்கு 76, சிவப்புக்கு 82. உங்க ஹாலுக்கு இது பொருந்தாது, ஒரு வாரம் லைட்டை ஆஃப் பண்ணி வெச்சு ஃபோன்ல ஒரு டெசிபல் ஆப் போட்டு சாதாரண நாள் எவ்ளோ வருதுன்னு குறிச்சு, அதுக்கு ரெண்டு மூணு கீழ வெச்சு ஆரம்பிங்க. ஃபோனுக்கு ஃபோன் நம்பர் மாறும், அதனால ஒரே ஃபோன், ஒரே இடம்.

இப்ப சைரன். சிவப்பு வந்தா கூடவே "பீம் பீம்"னு ஒரு ஒலி. சத்தத்தைக் குறைக்க சத்தம் போடுற மெஷின் யார் யோசிச்சதுன்னு தெரியல, அந்த சைரன் சத்தத்தை அதோட மைக்கே கேட்டு திரும்ப சிவப்பாகுது, சொன்னா நம்ப மாட்டீங்க. பக்கத்துல ஒரு சின்ன சுவிட்ச் இருக்கு, பெட்டியில இருந்து எடுத்த உடனே அதை ஆஃப் பண்ணுங்க. சிவப்பு மினுக் மினுக்னு அடிக்கிற மோடும் இருக்கு, அதையும் விட்டுடுங்க, வேகமா மினுக்குற வெளிச்சம் சில பிள்ளைங்களுக்கு வலிப்பைக் கிளப்பும், செகண்டுக்கு மூணு தடவைக்கு மேல மினுக்கக் கூடாதுன்னு வெப்சைட் பண்றவங்களுக்கே விதி இருக்கு. நிலையா எரிஞ்சாலே போதும்.

ரெண்டாவது வாரம் பசங்க வேலையைக் காட்டுனாங்க. எட்டாங் கிளாஸ் பையன் ஒருத்தன் கையில டம்ளரோட டேபிள் மேல குனிஞ்சு, கண்ணு மட்டும் லைட் மேல, டொக்குனு ஒரு தட்டு. மஞ்சள். இன்னொரு தட்டு, பலமா. சிவப்பு. ஹாலே "ஓஓஓ"ன்னு கத்துச்சு, அந்த ஓஓஓ சத்தத்துலயே சிவப்பு ஒரு நிமிஷம் நின்னுச்சு. அன்னைக்கு அது சிக்னல் இல்ல, கேம். திட்டுனா கேமுக்கு இன்னும் மவுசு கூடும்னு எனக்குத் தெரியும், சும்மா இருந்தேன், மறுநாள் காலையில டிலேவை ஏத்தி வெச்சேன். டிலேன்னா, சத்தம் தொடர்ச்சியா இத்தனை செகண்ட் இருந்தா தான் கலர் மாறும்னு ஒரு செட்டிங். அதை 10 செகண்ட் வெச்ச உடனே டம்ளர் தட்டுறது, தட்டு விழறது, தும்மல் எதுக்கும் லைட் அசையல. அந்தப் பையன் ரெண்டு நாள் தட்டிப் பாத்துட்டு சாப்பிடப் போயிட்டான். இந்த ஒரு செட்டிங் இல்லாத மாடல்னா காசு குடுக்காதீங்க, சும்மா குடுத்தாலும் வேணாம்.

சிவப்பு வந்தா என்ன பண்றதுங்கிறதுல எங்க ஸ்டாஃப் ரூம்ல பெரிய சண்டையே நடந்துச்சு. சிவப்பு வந்தா எல்லாரும் அஞ்சு நிமிஷம் வாய் பேசாம சாப்பிடணும்னு ஒரு குரூப். நான் ஒத்துக்கல. அந்த மைக் ஹால் மொத்தத்தையும் தான் அளக்குது, யார் கத்துனாங்கன்னு அதுக்குத் தெரியாது, ஒரு மூலையில பத்து பேர் போட்ட ஆட்டத்துக்கு மத்த எல்லாரும் ஏன் தண்டனை வாங்கணும்? இப்ப எங்க வழக்கம், சிவப்பு வந்தா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், கையைத் தூக்கி லைட்டைப் பாப்பேன், என்னைப் பாத்து டேபிள் லீடருங்க கையைத் தூக்குவாங்க, அலை மாதிரி பரவி அரை நிமிஷத்துல மஞ்சளுக்கு வந்துடும். பச்சையிலயே ஓடுன நாள்ல கடைசி அஞ்சு நிமிஷம் முன்னாடியே கிரவுண்டுக்கு விடறோம். விசிலை வீட்டுல அலமாரியில போட்டுட்டேன்.

கலர் தெரியாத பிள்ளைங்க விஷயம் நான் யோசிக்கவே இல்ல. ஒரு பையன் "மிஸ், மேல எரியுதா கீழ எரியுதா, அதை வெச்சு தான் எனக்குத் தெரியும்"னான். சிவப்பும் பச்சையும் பிரிச்சுப் பாக்க முடியாத குறை ஐரோப்பிய வம்சாவளி ஆண்கள்ல 12 பேருக்கு ஒருத்தர்னு கணக்கு, மத்தவங்ககிட்ட கொஞ்சம் கம்மி, எப்படியும் ஒரு பெரிய ஹால்ல சில பேராவது இருப்பாங்க. அதனால மூணு பல்பு தனித்தனியா மேலயும் கீழயும் இருக்குற மாடல் எடுங்க. ஒரே உருண்டை கலர் மாத்துற மாடலும் வருது, பாக்க அழகா இருக்கும், அந்தப் பையனுக்கு அது எப்பவும் ஒரே கலர் தான்.

காது கேக்குறதுக்கு மெஷின் போட்டிருக்குற ஒரு பொண்ணு எங்க ஸ்கூல்ல உண்டு. லஞ்ச் ஹாலுக்கு வந்தா மெஷினைக் கழட்டி பாக்கெட்ல வெச்சுட்டு, யார் பேசுனாலும் சிரிச்சுட்டே சாப்பிடும். மெஷின் பக்கத்துல பேசுறவ குரலை மட்டும் பெருசாக்காது, எல்லா இரைச்சலையும் சேத்துத் தானே பெருசாக்கும். லைட் வந்து ஒரு மாசம் இருக்கும், ஒரு நாள் பாத்தா மெஷின் காதுலயே இருக்கு, ஃபிரெண்டு ஏதோ சொல்லுது, இது திரும்பப் பதில் சொல்லுது. இதுக்கு மட்டும் தனியா ஒரு ஸ்டார் போடுவேன்.

ஆனா இதையும் சொல்லிடணும், அந்த மாசம் லைட் மட்டும் மாறல. ஃபிசிக்ஸ் சார் கை தட்டிக் காட்டுனார், தட்டுன சத்தம் சாகவே மாட்டேங்குது, டைல்ஸ் தரை, வெறும் சுவர், தகரக் கூரை. 1895ல ஹார்வர்டுல வாலஸ் சபைன்னு ஒருத்தர்கிட்ட ஒரு லெக்சர் ஹாலைக் குடுத்து எதிரொலி தாங்கல, சரி பண்ணுன்னாங்களாம், அவர் பக்கத்து தியேட்டர் சீட்டு மெத்தைங்களை ராத்திரி ராத்திரியா தூக்கிட்டு வந்து அடுக்கி அளந்து தான், மெத்துனு இருக்குற பொருள் எவ்ளோ இருந்தா எவ்ளோ எதிரொலி குறையும்னு கண்டுபிடிச்சார். சத்தத்தை உறிஞ்சுற பொருளை ரெண்டு மடங்காக்குனா எதிரொலி நீடிக்கிற நேரம் பாதியாகும், அளவுல 3 டெசிபல் இறங்கும். நாங்க சேர் கால் எல்லாத்துக்கும் ஃபெல்ட் ஒட்டுனோம், ஒரு சுவர் முழுக்க கனமான திரை போட்டோம். சேர் இழுக்குற கிறீச் போச்சு. சத்தம் இறங்குனதுல பாதிப் புண்ணியம் அந்த ஃபெல்ட்டுக்கும் திரைக்கும் தான், விளம்பரத்துல இதை யாரும் சொல்ல மாட்டாங்க.

விளம்பரத்துல சொல்றது காது போயிடும்னு. அது கொஞ்சம் ஓவர். வேலை செய்யற பெரியவங்களுக்கு 85 டெசிபல்ல 8 மணி நேரம்னு அமெரிக்காவுல வேலை இடப் பாதுகாப்பை ஆராயற நியோஷ்ங்கிற அரசு அமைப்பு ஒரு வரம்பு வெச்சிருக்கு, 3 கூடுனா நேரம் பாதி, 88ன்னா 4 மணி, 91ன்னா 2 மணி. எங்க லஞ்ச் 40 நிமிஷம். காது போறதை விட, பக்கத்துல இருக்குறவன் சொல்றது கேக்காம கத்திக் கத்தி, பாதி சாப்பாட்டை வெச்சுட்டு ஓடுறது தான் அங்க நிஜப் பிரச்சினை. நின்னு நின்னு மூணு பேட்ச் பாக்குற பரிமாறுற அக்காங்க காதுக்கு வேணா பயப்படலாம், அவங்களைப் பத்தி அந்த விளம்பரத்துல ஒரு வார்த்தை இல்ல.

மொத்தத்துல 5க்கு மூணரை. சைரனுக்கு ஒண்ணு, உருப்படாத பேப்பருக்கு அரை கழிச்சுட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு புதுசுங்கிற ஆர்வம் போனப்புறமும் ஓடணும்னா தினம் டியூட்டியில இருக்குறவங்க ஒரே மாதிரி நடந்துக்கணும், எனக்கு லீவு வந்த அன்னைக்கு வந்தவங்க பழையபடி விசில் அடிச்சிருக்காங்க, அதுக்கு லைட் சிவப்பாயிருக்கு. அடாப்டர் ஒயர் ரொம்ப குட்டை, உயரத்துல மாட்டணும்னா எக்ஸ்டென்ஷன் தனியா வாங்கி சுவத்தோட கிளிப் அடிச்சுடுங்க, தொங்க விட்டா எங்க ஹால்ல நடந்த மாதிரி யாராவது பிளக்கைப் புடுங்கி ஃபோன் சார்ஜ் போடுவாங்க.