எட்டாத அட்டிக்குக்கு எந்த இன்சுலேஷன்?

அட்டிக்கில், அதாவது வீட்டின் சீலிங்குக்கும் சரிந்த கூரைக்கும் நடுவே உள்ள இடத்தில், போட இன்சுலேஷன் என்கிற வெப்பத்தடுப்புப் பொருளை வாங்கக் கிளம்புகிறவர்கள் முதலில் பார்ப்பது பொட்டலத்தின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் ஆர் மதிப்பைத்தான். வெப்பம் கடந்து போவதை அந்தப் பொருள் எவ்வளவு தடுக்கிறது என்பதற்கான எண் அது. நிமிர்ந்து நடக்கக்கூடிய அட்டிக் என்றால் அந்த எண்ணை வைத்தே முடிவெடுத்துவிடலாம். ஆனால் தோளை ஒடுக்கிக்கொண்டு நுழைய வேண்டிய ஏறுவழி, உள்ளே தவழ மட்டும் இடம், கூரை சரிந்து வந்து ஓரத்தில் நான்கைந்து அங்குலம்தான் மிச்சம் என்றிருக்கும் அட்டிக்கில் கேள்வியே வேறு. என் கை எட்டாத இடத்துக்கு இந்தப் பொருள் போய்ச் சேருமா? அதை வைத்துத்தான் இங்கே ஒவ்வொன்றையும் எடை போடுகிறேன்.

முதலில் எண்களைச் சொல்லி முடித்துவிடலாம். ஒரு அங்குலத் தடிமனுக்கு, ஊதிப் பரப்பும் ஃபைபர்கிளாஸ் (கண்ணாடி இழைத் தூள்) சுமார் 2.5, ஃபைபர்கிளாஸ் சுருள் (அதே இழையை மெத்தைபோல் ஆக்கிச் சுருட்டியது) 3 முதல் 3.5 வரை, ஊதிப் பரப்பும் செல்லுலோஸ் (அரைத்த காகிதம்) சுமார் 3.5, பாலிஐசோ என்கிற திட ஃபோம் பலகை 6-ஐ ஒட்டி, உள்ளே நுண்ணிய குமிழ்கள் மூடியே இருக்கும் வகை ஸ்ப்ரே ஃபோம் (அடித்ததும் உப்பி இறுகும் நுரை) 6 முதல் 7 வரை. (மெட்ரிக் முறையில் அச்சிட்ட ஆர் மதிப்பை 5.7-ஆல் பெருக்கினால் இந்தக் கணக்குக்கு வரும்.) காகிதத்தில் ஸ்ப்ரே ஃபோம்தான் ராஜா. தவழும் அட்டிக்கில், சொந்தக் கையால் செய்கிறவருக்கு, அதற்குத்தான் கடைசி இடம். காரணம் பின்னால் வருகிறது.

சுருள்

சுருளுக்கு எந்திரம் வேண்டாம், துணைக்கு ஆள் வேண்டாம், நேரம் கிடைக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகவும் செய்யலாம். அழுத்திக் கட்டிய பொட்டலமாகவே ஏறுவழியில் நுழைந்துவிடும். உள்ளே போய்ப் பிரித்தால் உப்பிக்கொள்ளும். அதுவரை எல்லாம் சரி.

சிக்கல் என்னவென்றால், சுருள் நேர்கோட்டில்தான் ஒழுங்காகப் படியும். அட்டிக்கில் நேர்கோடு எங்கே இருக்கிறது? வயர் குறுக்கே ஓடும், குழாய் நடுவில் நிற்கும், தாங்குகட்டைகள் சாய்வாக இறங்கும். ஒவ்வொன்றுக்கும் சுருளை வெட்டி, பிளந்து, பொருத்த வேண்டும். வயருக்கு மேலாகவே விரித்துவிட்டால் அடியில் காற்று இடைவெளி நிற்கும். அமுக்கித் திணித்தால் தடிமன் குறையும், அதோடு ஆர் மதிப்பும் குறையும். குப்புறப் படுத்து ஊர்ந்துகொண்டு, தலைக்கு அரை அடி மேலே கூரை ஆணிகள் நீட்டிக்கொண்டிருக்க, இதைக் கடைசிவரை ஒழுங்காகச் செய்யும் பொறுமை எத்தனை பேருக்கு இருக்கும் என்று தெரியவில்லை.

சுருள் ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு. சீலிங்கின் குறுக்குச் சட்டங்களுக்கு நடுவே ஏற்கெனவே பழைய இன்சுலேஷன் நிறைந்திருந்து, மேலே தவழ்ந்து போக இடமும் இருந்தால், சட்டங்களுக்குக் குறுக்காக ஒரு அடுக்கு விரிப்பது சுலபமான வேலை. வெறும் சுருளாக இருக்க வேண்டும். காகிதமோ ஃபாயிலோ ஒட்டிய சுருளைப் பழையதின் மேல் போட்டால் ஈரம் நடுவில் சிக்கும்.

ஃபைபர்கிளாஸ் புற்றுநோய் தருமா என்ற பயம் பலருக்கு உண்டு. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2001-இல் இன்சுலேஷனுக்கான கண்ணாடிக் கம்பளியை, அதாவது இந்த ஃபைபர்கிளாஸை, மறுபரிசீலனை செய்து, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குவதாக வகைப்படுத்த முடியாதவற்றின் பிரிவில் வைத்தது. அரிப்பு மட்டும் நிச்சயம். முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, நல்ல முகக்கவசம் இல்லாமல் ஏற வேண்டாம்.

ஊதும் இரண்டு: நிஜப் போட்டி இங்கேதான்

ஊதும் முறையில் எந்திரம் கீழே, வீட்டுக்கு வெளியிலேயே நிற்கும். ஒருவர் பொட்டலத்தைப் பிரித்து, இறுகிய கட்டிகளை உதிர்த்து எந்திரத்தில் போடுவார். இன்னொருவர் மேலே குழாயின் முனையைப் பிடிப்பார். நூறடி நீளமுள்ள குழாய் சாதாரணம் என்பதால் ஏறுவழி எந்த மூலையில் இருந்தாலும் கவலையில்லை. பொருள் தூளாகப் போய் வயரைச் சுற்றி, குழாயைச் சுற்றி, கட்டையின் அடியில் எல்லாம் தானாக நிறையும். ஆள் நுழைய முடியாத ஓரத்துக்கு, குழாயின் முனையை ஒரு நீளமான பிவிசி பைப்பில் கட்டி நீட்டினால் போதும். தூர மூலையில் தொடங்கி ஏறுவழியை நோக்கிப் பின்வாங்கி வர வேண்டும். மாற்றிச் செய்தால் போட்டதன் மேலேயே தவழ வேண்டிவரும்.

செல்லுலோஸில் பெரும்பகுதி அரைத்த பழைய செய்தித்தாள். தீப்பிடிப்பதைத் தடுக்கவும் பூச்சி அண்டாமல் இருக்கவும் போரேட் உப்பு சேர்த்திருப்பார்கள். துகள் நெருக்கமாகப் படிவதால் உள்ளே காற்று ஓடுவது குறைவு. அடர்த்தி குறைந்த ஃபைபர்கிளாஸ் தூளில் கடுங்குளிர் நாட்களில் உள்ளேயே காற்று சுழன்று வெப்பத்தடுப்பு குறைவதுண்டு. செல்லுலோஸுக்கு அந்தத் தொல்லை பெரிதாக இல்லை. பதிலுக்கு அதன் தூசு பயங்கரம், நாளடைவில் பத்து முதல் இருபது சதவீதம்வரை அமுங்கும், கூரை ஒழுகினால் தண்ணீரைக் குடித்துக் கட்டியாகிவிடும். ஊதும் ஃபைபர்கிளாஸ் எடையில்லாதது, தூரமாகப் பறந்து விழும், அதிகம் அமுங்காது, தண்ணீரை உறிஞ்சாது.

இப்போது ஓரத்துக்கு வருவோம், ஏனென்றால் எட்டாத அட்டிக்கின் விதி அங்கேதான் தீர்மானமாகிறது. ஆர் 38 வேண்டும் என்று வைத்துக்கொண்டால் செல்லுலோஸ் 11 அங்குலம் போதும். ஃபைபர்கிளாஸ் 15 அங்குலம் கேட்கும். அட்டிக்கின் நடுவில் இந்த நாலு அங்குலம் ஒரு பொருட்டே இல்லை. கூரை இறங்கி 5 அங்குலம் மட்டும் மிஞ்சும் ஓரத்தில் செல்லுலோஸ் 17-ஐத் தரும், ஃபைபர்கிளாஸ் 12-தான் தரும். சரிவு குறைந்த கூரையில் இப்படி ஒடுங்கிய பகுதி சுவரை ஒட்டிப் பல அடி அகலத்துக்கு இருக்கும் என்பதால் இந்த வித்தியாசம் சின்னதல்ல.

ஆனால் எடையைப் பார்க்காமல் செல்லுலோஸுக்குக் கை தூக்கிவிடக் கூடாது. 11 அங்குலம் படிந்த செல்லுலோஸ் சதுர மீட்டருக்கு ஏழு கிலோவை ஒட்டி வரும். குறுக்குச் சட்டங்கள் 24 அங்குல இடைவெளியில் இருந்து, கீழே சாதாரண அரை அங்குல ஜிப்சம் போர்டு இருந்தால், அது தொய்யாமல் தாங்குவது சதுர மீட்டருக்கு ஆறு கிலோவும் கொஞ்சமும்தான். அப்படிப்பட்ட சீலிங்குக்கு ஃபைபர்கிளாஸ். கூரை ஒழுகிய சரித்திரம் இருந்தாலும் ஃபைபர்கிளாஸ், அதுவும் ஒழுகலைச் சரி செய்த பிறகு. மற்ற எல்லா இடத்திலும் என் ஓட்டு செல்லுலோஸுக்கு.

எதை எடுத்தாலும் ஒரு விஷயம். ஆழத்தை மட்டும் ஸ்கேலால் அளந்து "போதும்" என்று நிறுத்த வேண்டாம். எந்திரத்தில் காற்றைக் கூட்டி, பொருளைக் குறைத்து விட்டால் எந்தத் தூளும் உப்பலாக விழுந்து ஆழம் நிறைந்ததுபோல் காட்டும். ஆறு மாதத்தில் அமுங்கிவிடும். பொட்டலத்தின் பின்புறம் ஒரு அட்டவணை இருக்கும்: இந்த ஆர் மதிப்புக்கு, இத்தனை சதுர அடிக்கு, இத்தனை பொட்டலம் என்று. அட்டிக்கின் பரப்பைக் கணக்கிட்டு, அத்தனை பொட்டலமும் உள்ளே போயிற்றா என்று எண்ணுவதுதான் நம்பகமான அளவு.

பலகை, ஃபோம், ஃபாயில்

திட ஃபோம் பலகையை அட்டிக் முழுக்கப் போடுவது வீண் வேலை. ஏறுவழியில் நுழையும் அகலத்துக்குக் கீற்றாக வெட்ட வேண்டும், சட்டங்களுக்கு நடுவே அளவாகச் செதுக்க வேண்டும், விளிம்பெல்லாம் ஃபோமால் அடைக்க வேண்டும். ஆனால் அந்த ஓரத்துக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. சொந்தக் கையால் போடக்கூடியவற்றில், 5 அங்குலத்தில் கிட்டத்தட்ட ஆர் 30 தரக்கூடியது இது ஒன்றுதான். கீற்றை நீளக் கம்பால் தள்ளியே ஓரம்வரை கொண்டுபோகலாம். ஓரத்தில் பலகை, மீதி இடத்தில் செல்லுலோஸ் என்ற கூட்டணி எனக்குப் பிடித்தது. பலகை எரியக்கூடியது, திறந்தபடி விடலாமா என்பதை உங்கள் ஊர்க் கட்டட விதியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு டப்பா கலந்து அடிக்கும் ஸ்ப்ரே ஃபோமில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் ஆவி ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனால் பிறகு வாழ்நாள் முழுக்க ஆஸ்துமா வரவழைக்கக்கூடியது. காற்றோட்டமில்லாத, அவசரத்துக்குத் திரும்பி வெளியேற முடியாத பொந்துக்குள் அதை அடிப்பது சொந்தக் கைவேலைக்காரர் செய்யக் கூடாத ஒன்று. கலவை விகிதமோ வெப்பநிலையோ தவறினால் ஃபோம் சரியாக இறுகாது, நாற்றம் போகாது, சுரண்டி எடுப்பதும் லேசில்லை. பெரிய வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ளுங்கள். சின்ன கேன் ஃபோம் வேறு கதை. ஓட்டை அடைக்க அது கட்டாயம் வேண்டும்.

கைமரங்களின் அடியில் அடிக்கும் பளபளப்பான ஃபாயில், வெயில் கொளுத்தும் ஊர்களில் கூரையிலிருந்து வரும் கதிர்வீச்சைத் திருப்பும். குளிர் ஊரில் பயன் சொற்பம். அடிக்க ஒவ்வொரு கைமரத்தையும் எட்ட வேண்டும் என்பதால் நம் பட்டியலிலிருந்து விழுந்துவிடுகிறது. எட்டவில்லையே என்று தரையில் மேல்நோக்கி விரிப்பவர்கள் உண்டு. தூசு படியப் படிய அது வெறும் தகடுதான்.

ஏறும் முன்

டார்ச்சோடு தலையை மட்டும் நுழைத்துப் பாருங்கள். சாம்பலும் பழுப்புமாக, மினுக்கும் சின்னக் கூழாங்கல் போன்ற துகள் கிடந்தால் அது வெர்மிகுலைட் என்ற தாதுவால் ஆன பழைய இன்சுலேஷனாக இருக்கலாம். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் லிபி என்ற ஊர்ச் சுரங்கத்திலிருந்து 1990 வரை வந்த வெர்மிகுலைட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. சோனோலைட் என்ற பெயரில் விற்ற சரக்கு அதுதான். கிளறாமல் மூடிவிட்டு, பரிசோதனைக்கு நிபுணரைக் கூப்பிடுங்கள். பீங்கான் குமிழ்களில் கட்டிய பழைய வயரிங் தெரிந்தாலும் நிறுத்துங்கள். அந்த வயர் காற்றில் ஆறும்படி அமைத்தது, இன்சுலேஷனால் மூடினால் சூடேறும். சீலிங்கில் பதித்த விளக்குகளில் 'இன்சுலேஷன் தொடலாம்' என்ற சான்று இல்லாதவற்றைச் சுற்றி மூன்று அங்குலம் விட்டுத் தடுப்பு வையுங்கள், மேலேயும் மூடாதீர்கள். புகைபோக்கியைச் சுற்றித் தகரத் தடுப்பும் தீ தாங்கும் சீலன்ட்டும் (இடுக்கை அடைக்கும் பசை) வேண்டும். சாதாரண ஃபோம் கூடாது.

அப்புறம், ஓட்டைகள். வீட்டுச் சூடான காற்று வயர் துளை வழியாகவும் குழாய் இடுக்கு வழியாகவும் சுவரின் தலைக்கட்டை விளிம்பு வழியாகவும் அட்டிக்குக்கு ஏறிக்கொண்டே இருக்கும். அவற்றை அடைக்காமல் மேலே எத்தனை அங்குலம் ஊதினாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதைதான். எட்டும் இடத்தை மேலிருந்து அடையுங்கள். எட்டாத இடத்தைக் கீழிருந்து அணுகலாம்: விளக்கின் மூடியைக் கழற்றி அதன் விளிம்பை, சுவரும் சீலிங்கும் சேரும் மூலைப் பலகையின் இடுக்கை, மின்விசிறிப் பெட்டியைச் சுற்றிச் சீலன்ட் பூசலாம். மேலிருந்து செய்யும் அளவுக்கு இல்லாவிட்டாலும் ஓரளவு பலன் கிடைக்கும்.

கூரையோரத்தில் காற்றுத் துளைகள் இருந்தால் ஊதுவதற்கு முன்பே ஒவ்வொன்றுக்கும் நேரே தடுப்புத் தகடு வைத்து, கூரைப் பலகைக்கும் இன்சுலேஷனுக்கும் நடுவே ஒன்றிரண்டு அங்குலம் காற்று போக வழி விட வேண்டும். மொத்த வேலையிலும் உடம்பை வதைப்பது இதுதான். உள்ளிருந்து எட்டவே இல்லையென்றால் வெளியே ஏணி போட்டு, ஓரப் பலகையைக் கழற்றி, அந்தப் பக்கமாகச் செருகுவது பல வீடுகளில் சுலபம்.

குறுக்குச் சட்டங்களில் மட்டும் எடையைப் போடுங்கள். நடுவே கால் வைத்தால் கீழறைக்குள் கால் இறங்கும். இரண்டு சட்டங்களைத் தாண்டும் நீளத்துக்கு இரண்டு பலகை எடுத்துக்கொண்டு, ஒன்றில் படுத்து மற்றதை நகர்த்திப் போவது வசதி. வெயில் காலத்தில் விடிகாலையில் முடித்துக்கொள்ளுங்கள், மதியத்தில் உள்ளே 60 டிகிரியைத் தாண்டுவதுண்டு.

இத்தனையும் படித்துவிட்டு மலைப்பாக இருந்தால், இன்னொரு வழி உண்டு, பலர் அதை யோசிப்பதே இல்லை. ஏறுவழி தவறான இடத்தில் இருந்தால் புதிதாக ஒன்று வெட்டுங்கள். அலமாரி அறையின் சீலிங் நல்ல இடம். வெட்டு வெளியே தெரியாது. குறுக்குச் சட்டங்களை வெட்டாமல் அவற்றுக்கு நடுவேயே, இரண்டரை அடி நீளத்துக்குத் துவாரம் எடுத்துச் சட்டகம் அடிப்பது கட்டமைப்பைத் தொடாத வேலை. துவாரத்தைச் சுற்றி, போடப்போகும் இன்சுலேஷனைவிட உயரமாகப் பலகைத் தடுப்பு கட்டுங்கள். மூடியின் முதுகில் ஃபோம் பலகையை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டி, விளிம்பில் ரப்பர் பட்டை வைத்து, கொக்கி போட்டு இறுக்குங்கள். தடுப்பைச் சோம்பல்பட்டு விட்டுவிட்டால், அடுத்த முறை மூடியைத் திறக்கும்போது அரைத்த செய்தித்தாள் மொத்தமும் தலையில் கொட்டும்.