ஏரிக்கரையா, கடற்கரையா? தூண்டிலோடு கூடாரம் போட எது தோது

கூடாரமும் தூண்டிலும் ஒரே பயணத்தில் சேரும்போது, என்ன மீன் என்பதற்கு முன்பே எந்தத் தண்ணீர் என்பது முடிவாக வேண்டும். ஏரியில் நம் வசதிக்கு மீன்பிடிக்கலாம். கடலில் தூக்கம், சமையல் எல்லாம் ஓதத்தை, அதாவது கடல்நீர் ஏறி இறங்குவதைப் பார்த்துத்தான்.

பெரும்பாலான கடற்கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். முதல் நாள் மாலை 5 மணிக்கு வந்த ஏற்றம் மூன்றாம் நாள் 6.40-ஐ ஒட்டி வரும். ஓதத்தால் தண்ணீர் ஓடும் நேரத்தில்தான் கரையோர மீன்கள் இரை தேடும். அந்த நேரம் நள்ளிரவில் வந்தால் நள்ளிரவில்தான் எழ வேண்டும். பிடித்தவர்களுக்கு இதைவிடச் சுகம் கிடையாது. குழந்தைகளோடு போனால் இரண்டாம் இரவிலேயே எல்லோருக்கும் சிடுசிடுப்பு வந்துவிடும்.

ஏரி இந்த விஷயத்தில் இரக்கமுள்ளது. விடியலும் அந்தியும்தான் நல்ல வேளை. வெயில் ஏறினால் மேல்நீர் சூடாகி அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும், மீன் ஆழத்துக்கோ நிழலுக்கோ ஒதுங்கும். நாமும் சமைத்துச் சாப்பிட்டு ஒரு தூக்கம் போடலாம். முதல்முறை போகிறவர்களுக்கு நான் தயங்காமல் ஏரியைத்தான் சொல்வேன்.

ஆற்றங்கரையை ஏரி மாதிரி நினைத்துவிடக் கூடாது. மேலே எங்கோ பெய்த மழையோ, திறந்துவிட்ட அணையோ இங்கே வானம் தெளிவாக இருக்கும்போதே வெள்ளமாக வரும். ஆற்று நடுவிலுள்ள மணல்திட்டு எவ்வளவு சமமாக இருந்தாலும் அங்கே படுக்காதீர்கள்.

கடற்கரையில் காய்ந்த பாசியும் குப்பையும் வரிசையாக ஒதுங்கிக் கிடக்கும் கோடுதான் அண்மையில் தண்ணீர் ஏறிய எல்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அதையும் தாண்டும். எனவே கூடாரத்தை நன்றாக மேலே தள்ளிப் போடுங்கள். சாதாரண முளை மணலில் நிற்காது. பையில் மணல் நிரப்பி, கயிற்றைக் கட்டி, குழிதோண்டிப் புதைத்தால் காற்றுக்கு அசையாது.

குடிநீர் இன்னொரு பெரிய வித்தியாசம். கடலோரத்துக்கு ஒருவருக்கு நாளைக்கு 4 லிட்டராவது சுமக்க வேண்டும். கருவிகளை அலச அதற்கு மேல் கொஞ்சம். சுத்தமான ஏரி என்றால் நீரை வடிகட்டி, தளதளவென்று 1 நிமிடம் கொதிக்கவிட்டுக் குடிக்கலாம். 2,000 மீட்டருக்கு மேல் உயரமான இடத்தில் 3 நிமிடம்.

கருவி விஷயத்தில் ஏரிக்கு 7 அடி ராடு (தூண்டில் கோல்), நரம்பைச் சுற்ற 2500 எண் அளவுள்ள ரீல், 8 பவுண்டு இழுப்பைத் தாங்கும் நரம்பு போதும். அலையைத் தாண்டி வீச 10 முதல் 12 அடி ராடும், பெரிய ரீலும், மணலைப் பற்றிக்கொள்ளும் பிரமிடு வடிவ ஈயமும் வேண்டும். உப்பு ரீலை மட்டும் தின்பதில்லை, கூடாரத்தின் ஜிப்பையும் கம்பியையும் சேர்த்தே தின்னும். நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் உப்பும் மணலும் உள்ளே போய்விடும்.

பிடித்ததைச் சாப்பிடுவதில் கடலுக்குத்தான் கூடுதல் கவனம். சூரை, கானாங்கெளுத்தி வகை மீன்கள் வெயிலில் கிடந்தால் ஒவ்வாமை போன்ற உபாதை தரும் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். எவ்வளவு வேகவைத்தாலும் அது அழியாது. ஐஸ் பெட்டி இல்லையென்றால் அவற்றைத் தண்ணீரிலேயே விட்டுவிடுவது மேல். நஞ்சுள்ள பேத்தை மீனைச் சமைக்க நினைக்கவே வேண்டாம். நன்னீர் மீனில் ஒட்டுண்ணிகள் இருக்கலாம் என்பதால் நன்றாக வேகவைத்தே உண்ண வேண்டும். எங்கே பிடித்தாலும் மீனைக் கூடாரத்துக்குத் தொலைவில் சுத்தம் செய்யுங்கள், வாடைக்கு விலங்குகள் வரும்.

இரண்டும் வேண்டும் என்பவர்களுக்கு ஆறு கடலில் சேரும் கழிமுகம் இருக்கிறது. அலை அடங்கியிருக்கும், 8 அடி நடுத்தர ராடு ஒன்றே போதும், நன்னீர் மீனும் உப்புநீர் மீனும் ஒரே நாளில் கடிக்கலாம். ஆனால் ஓதக் கணக்கு இங்கேயும் உண்டு, இறங்கும் நீரின் இழுப்பு பலமாக இருக்கும், சேறும் கொசுவும் சேர்ந்துகொள்ளும். நன்னீருக்கும் கடலுக்கும் தனித்தனி அனுமதி கேட்கும் இடங்களில், கழிமுகத்தில் எது எங்கே முடிகிறது என்பதை முன்பே விசாரித்துவிடுங்கள். ஏரியில் ஓரிரு முறை தங்கிப் பழகியவர்கள் கடலுக்கு முன் இங்கே வருவதுதான் சரியான வரிசை என்பது என் கருத்து.